குலசை வைத்தியரின் மாவு

என் மதினி சலேத்தம்மாள் மேல் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. இருபது வருசத்துக்கு மேலாக அதைச் சுமந்துகொண்டிருக்கிறேன். அவள் இப்போது இல்லை. ஆனாலும் அது முழுசாக இறங்கவில்லை.

நான் பெண் பார்க்கப் போன அன்று நடந்தது அது. திரேஸ்புரத்தில் அவர்கள் வீடு. நான் பார்க்கப் போனது அவளுடைய தங்கை மரியசெல்வியை. அப்போது தூத்துக்குடியில் புதுத் துறைமுகம் கிடையாது. கப்பல் தூரத்தில் கடலிலேயே நிற்கும். நாங்கள் தோணியில் போய்ச் சரக்கு இறக்கிக்கொண்டு வருவோம். அந்த வாரம் முழுக்க நிலக்கரிக் கப்பல். பெண் பார்க்கப் போக வேண்டுமே என்று சிவப்பு சோப்பை எடுத்துத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். எங்கள் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீர் உப்பு. அதில் சோப்பு நுரைக்காது. கரி போன மாதிரி இருந்தது, போகவில்லை. மூக்கோரத்திலும் காதோரத்திலும் கண்ணுக்குக் கீழேயும் அப்படியே நின்றது. சரி, கிடக்கட்டும் என்று அதன் மேலேயே பவுடரை அப்பிக்கொண்டு போய்விட்டேன்.

சித்திரை வெயில். பாயில் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் வேர்த்தது. பவுடர் கோடு கோடாகக் கரைந்து இறங்க, கோட்டுக்கு நடுவில் கரி தெரிந்திருக்கிறது. எனக்குத் தெரியாது. நான் மீசையைத் தடவிக்கொண்டு பெரிய மனுசனாக உட்கார்ந்திருந்தேன். அப்போது ஒரு கிண்ணத்தோடு மதினி வந்தாள்.

"மாப்ள, இந்த எண்ணெய மூஞ்சியில தேயும்."

"எதுக்கு?"

"தேயும், சொல்லுதேன். கண்ண மூடிக்கிடும்."

இரண்டு வீட்டு ஆட்களும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பெண் கதவுக்குப் பின்னால் நிற்கிறாள். என்ன செய்ய, தேய்த்தேன். பழைய துணி ஒன்றால் அவளே என் முகத்தைத் துடைத்தாள். மூக்கோரத்தில் விரலை விட்டுத் துடைத்தாள், பிள்ளைக்குத் துடைக்கிற மாதிரி. அப்புறம் பாசிப்பயற்று மாவைக் குழைத்துக் கையில் தந்து கழுவச் சொன்னாள். நான் கழுவி நிமிர்ந்தபோது அந்தத் துணி அடுப்படித் துணி மாதிரி கறுத்து அவள் கையில் தொங்கியது. அதைச் சுருட்டி எங்கேயாவது எறிந்திருக்கலாம். எல்லாரும் பார்க்கக் கொடியில் போட்டாள்.

"மாப்ள இப்பத்தான்ல பெறந்திருக்காரு," என்று பெண் வீட்டுப் பெரியவர் ஒருவர் சொல்ல, வீடே சிரித்தது. எனக்குத் துணையாக வந்திருந்த ரோச் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தான். அவனும் நானும் ஒரே கும்பலில் கப்பல் வேலை பார்ப்பவர்கள். மறுநாள் தோணியில் ஏறும்போதே எனக்குப் பேர் வைத்தாகிவிட்டது: பவுடர் மாப்ள. என் சொந்தப் பேர் மனுவேல் என்பது கும்பலில் பாதிப் பேருக்கு மறந்தே போயிற்று.

கல்யாணம் முடிந்து ஒருநாள் என் பெண்சாதி சொன்னாள், "அக்காதான் ஒங்களக் கட்டிக்கிடச் சொன்னா. இவனுக்கு ஒண்ணையும் மறைக்கத் தெரியல, நீ தைரியமா கட்டிக்கோன்னா." அதைக் கேட்டும் எனக்கு ஆறவில்லை. மதினி வீட்டுக்குப் போனால் வாசலிலேயே நின்று பேசிவிட்டு வந்துவிடுவேன்.

மதினியைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்றால் முதலில் அவள் முகத்தைச் சொல்ல வேண்டும். ஊரில் எல்லாரும் அங்கேயிருந்துதான் ஆரம்பிப்பார்கள். சின்னப் பிள்ளையில் பெரியம்மை வந்து, முகம் முழுக்கக் குழிக்குழியாகத் தழும்பு. ஒரு தோணிக்காரருக்குக் கட்டிக் கொடுத்தார்கள். அவர் கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப் போய்வருகிறவர். ஒரு தடவை தோணி திரும்பியது, அவர் திரும்பவில்லை. அங்கே வேறு குடும்பம் என்று கேள்வி. இவள் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல்தான் என்று பேசினார்கள். இவள் காதில் விழும்படியே பேசினார்கள்.

அவள் கருவாடு போடுகிற இடத்தில் வேலை பார்த்தாள். அங்கே உப்பும் செதிலும் அந்தக் குழிகளுக்குள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். தேய்த்தால் புண்ணாகும். தேய்க்காமல் விட்டால் சீழ் வைக்கும். சோப்புப் போட்டால் தோல் இழுத்துக்கொண்டு எரியும். வேறு வழியில்லாமல் அவளே ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துக் கண்டுபிடித்துக்கொண்டாள்.

"எம் மூஞ்சியில எல்லா ஊரும் இருக்கு மாப்ள," என்று பிற்பாடு ஒரு தடவை என்னிடம் சொன்னாள். "நெத்தி எண்ணெச் செக்கு. கன்னம் உப்பளம். நாடியில எப்பவும் பரு. அதனால ஒரே மாவு எனக்கே காணாது."

அப்படித்தான் அவள் மாவு பல மாவானது. எண்ணெய் வழிகிற முகத்துக்குக் கடலைமாவை லேசாகப் புளித்த மோரில் குழைக்கச் சொல்லுவாள். உப்பிலும் வெயிலிலும் வெடித்த கன்னத்துக்குக் கடலைமாவு ஆகவே ஆகாது. பச்சரிசி மாவைத் தேங்காய்ப்பாலில் குழைத்து, பூசின கையோடு கழுவிவிட வேண்டும், காயவிடக்கூடாது. கல்யாணப் பெண்ணுக்குப் பாசிப்பயறு, ஆவாரம்பூ, கஸ்தூரி மஞ்சள். ஆம்பிளைக்கு மஞ்சள் சேர்க்கமாட்டாள். "மஞ்சக் காமாலன்னு பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருவாவ," என்பாள். பருவுக்குச் சங்கு. சங்கு குளிக்கிறவர்கள் ஒதுக்கிப் போடும் உடைசலை வாங்கி வந்து, கல்லில் தண்ணீர் தெளித்து உரைத்து, அந்த வெள்ளைக் குழம்பைப் பருவின் மேல் மட்டும் தொட்டு வைப்பாள். மாவெல்லாம் வீட்டுத் திருகையில் அரைத்து, வேட்டித் துணியில் சலித்தது. விரலில் எடுத்தால் இருப்பதே தெரியாது.

அந்த மாவைப் பொட்டலம் கட்டி மீன் ஏலம் நடக்கிற இடத்துக்குக் கொண்டுபோய்ப் பெண்களிடம் விற்கப் பார்த்தாள். ஒருநாள் ஏலத்துக்கு வந்திருந்த ஒருத்தி எல்லாருக்கும் கேட்கும்படி கேட்டிருக்கிறாள்:

"ஏளா சலேத்து, ஒன் மாவு அம்புட்டு நல்ல மாவுன்னா ஒன் மூஞ்சிக்கு ஏன் வேல செய்யல?"

"மாவு அழுக்கத்தான்ளா எடுக்கும். குழிய நெரப்பணும்னா கொத்தனாரக் கூப்பிடு."

கேட்டவர்கள் சிரித்தார்கள். மதினியும் சிரித்துக்கொண்டுதான் வந்தாளாம். ஆனால் அதோடு பொட்டலம் எடுத்துக்கொண்டு வெளியே போவதை நிறுத்திவிட்டாள். தெரிந்த வீட்டுப் பெண்கள் இரண்டு மூன்று பேர் பின்வாசல் வழியாக வந்து வாங்குவார்கள். அவ்வளவுதான்.

புதுத் துறைமுகம் வந்தது, எங்கள் வாயில் ஆர்பர். கப்பல் கரைக்கே வர ஆரம்பித்தது. உரத்துக்கென்று கந்தகம் வந்து இறங்கியது. கரியாவது கறுப்போடு போகும். கந்தகத் தூசி கண்ணைக் கடிக்கும், வேர்வையோடு சேர்ந்தால் கன்னத்தைத் தின்னும். நாங்கள் கரைக்கு வந்ததும் குழாயில் தலையைக் கொடுத்து சோப்பைப் போட்டுத் தேய்ப்போம். தேய்க்கத் தேய்க்க எரியும். எரிகிறதே என்று இன்னும் தேய்ப்போம். என் முகம் தோலுரித்த பனங்கிழங்கு மாதிரி ஆயிற்று. சவரம் செய்ய முடியாது. கோயிலில் பூசைக்குப் போனால் தூணுக்குப் பின்னால் நின்றுவிட்டு வருவேன்.

பெண்சாதி என்னை இழுத்துக்கொண்டு அக்காள் வீட்டுக்குப் போனாள். வாசலோடு நிற்கிற ஆள் உள்ளே போய் உட்கார வேண்டியதாயிற்று. மதினி பழையதை ஒன்றும் பேசவில்லை. முகத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தாள்.

"தூசி இருக்கும்போது தண்ணியத் தொடாதயும். மொதல்ல காஞ்ச துணியால தட்டி விடும். அப்புறம் தேங்காயெண்ணெய ஒத்தி எடும். கடைசியா வடிச்ச கஞ்சித் தண்ணி, ஆறினது. சோப்ப ஒம்ம வேட்டிக்குப் போடும்."

மாவும் ஒரு பொட்டலம் தந்தாள். பாசிப்பயறும் கொஞ்சம் வெட்டிவேரும், கப்பல் இல்லாத நாளைக்கு. நான் எண்ணெயையும் கஞ்சியையும் தூக்குச்சட்டிக்குள் ஒளித்துக்கொண்டு போய், வேலை முடிந்ததும் கோடவுனுக்குப் பின்னால் யாருக்கும் தெரியாமல் நின்று கழுவுவேன். நாற்பது வயதுக்கு மேல் ஒரு கப்பல்காரன், பொம்பளை மாதிரி கஞ்சித் தண்ணியில் முகம் கழுவுகிறான் என்று தெரிந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். ஒரு பேரே போதும் எனக்கு.

ஆனால் முகம் காட்டிக்கொடுத்துவிட்டது. எல்லாவன் முகமும் ரணமாக இருக்க, எனக்கு மட்டும் ஆறிவிட்டது.

"ஏலே பவுடர் மாப்ள, என்னத்தல போடுத?" என்றான் ரோச். "மூஞ்சி மாம்பழமால்லா மின்னுது."

"ஒண்ணும் இல்லல."

"ஒண்ணும் இல்லாம எனக்கு ஏன் மின்னல?"

இதை மதினியிடம் போய்ச் சொன்னேன். அவள் திருகைப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கையில் ஒட்டின மாவைத் தட்டினாள். அப்புறம் சொன்னாள்:

"குலசையில ஒரு வைத்தியர் இருக்காரு, அவர் குடுத்த மாவுன்னு சொல்லும்."

"எந்த வைத்தியர்?"

"யாரோ ஒருத்தர். குலசேகரன்பட்டினம் தூரம்தான, எவன் போய்ப் பாக்கப் போறான்?"

"ஒங்க பேரச் சொன்னா என்ன மதினி?"

"சொல்லும். ஏலத்துல சிரிச்ச மாதிரி ஆர்பர்லயும் சிரிப்பாவ. கூட ஒமக்கும் சிரிப்பு."

மறைக்கத் தெரியாதவன் என்று எனக்குப் பெண் கொடுக்கச் சொன்னவள், என்னை மறைக்கச் சொன்னாள். நானும் சரி என்றேன். உள்ளுக்குள்ளே நிம்மதியாகக்கூட இருந்தது. அதை நினைத்தால்தான் இப்போதும் முகம் சுருங்குகிறது. மதினி பெயரைச் சொல்ல எனக்கும் வெட்கமாகத்தான் இருந்தது.

குலசை வைத்தியர் அப்படித்தான் பிறந்தார்.

ஒவ்வொருவனாக வந்தான். நேராகக் கேட்கமாட்டான். கோடவுன் மூலையில் நின்று அங்கேயும் இங்கேயும் பார்த்துவிட்டு, "இருக்கால?" என்பான். நான் தூக்குச்சட்டியைத் திறந்து பொட்டலத்தை எடுத்து அவன் இடுப்பில் செருகி, எண்ணெய், கஞ்சி முறையையும் காதோடு சொல்லி அனுப்புவேன். அப்போது மதுவிலக்கு திரும்பவும் வந்திருந்த நேரம். இதைத் தூரத்திலிருந்து கவனித்த எங்கள் மேஸ்திரி செபாஸ்டின் அண்ணாச்சி ஒருநாள் நேரே வந்து என் கையைப் பிடித்துவிட்டார்.

"ஏலே, சாராயமா விக்க?"

"இல்ல அண்ணாச்சி."

"தெற சட்டிய."

திறந்தேன். ஒரு பொட்டலத்தைப் பிரித்து மோந்தார். நாக்கில் வைத்துப் பார்த்தார். கும்பல் கூடிவிட்டது.

"என்னதுல இது?"

"மூஞ்சி கழுவுத மாவு அண்ணாச்சி."

அவர் சிரிக்கவில்லை. மற்ற எல்லாரும் சிரித்தார்கள். அதில் பாதிப் பேர் இடுப்பில் பொட்டலத்தை வைத்துக்கொண்டே சிரித்தார்கள். பவுடர் மாப்ள பழையபடி பவுடர் மாப்ள ஆனான். அன்றைக்கு வீட்டுக்குப் போய்ச் சோறு சாப்பிட முடியவில்லை. இனி மாவைத் தொடமாட்டேன் என்று பெண்சாதியிடம் சத்தியம் செய்தேன்.

மறுநாள் மேஸ்திரி அண்ணாச்சி தனியே கூப்பிட்டார். தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"எம் மகளுக்கு மூஞ்சி பூரா பரு. கண்ணாடிய ஒடச்சுப் போட்டுட்டா. வைத்தியர்ட்ட கேட்டுச் சொல்லுதியாடே?"

மதினியிடம் போய்ச் சொன்னேன். பரு எங்கே அதிகம், நெற்றியிலா கன்னத்திலா, தலையில் பொடுகு உண்டா, எத்தனை தடவை சோப்புப் போடுகிறாள் என்றெல்லாம் கேட்டு வரச் சொன்னாள். அப்படி ஆரம்பித்ததுதான். அதற்குப் பிறகு ஒளிவு இல்லை. குழாயடியிலேயே என்னிடம் கேட்பார்கள். உப்பளத்தில் வேலை பார்க்கிற பெண்சாதிக்கு ஒருத்தன், மாமியாருக்கு ஒருத்தன். நான் கேள்வியைக் கொண்டுபோவேன், பதிலைக் கொண்டுவருவேன்.

மதினிக்கு அந்தக் காலம் நன்றாக இருந்தது. கருவாட்டு வேலையை விட்டாள். திருகைச் சத்தம் தெருமுனைக்குக் கேட்கும். வைத்தியரைப் பற்றி அவளே கதை கட்ட ஆரம்பித்தாள். "அவரு கோவக்காரருன்னு சொல்லும். சோப்புப் போட்டா அடுத்த பொட்டலம் தரமாட்டாராம். மூஞ்சிய நகத்தால கிள்ளுதவனப் பாத்தா எழுந்திரிச்சுப் போயிருவாராம்." சொல்லிவிட்டுச் சேலையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பாள். எவனாவது வெள்ளையாக வேண்டும் என்று கேட்டால், "வெள்ளையடிக்கிறவர் வேற ஆளு, நான் கழுவுதவன் மட்டுந்தான்னு வைத்தியர் சொன்னாருன்னு சொல்லும்," என்பாள்.

மாதா திருநாள், தீபாவளி என்று இல்லை, கும்பல்காரர்கள் வைத்தியருக்குக் கொடுத்துவிட ஆரம்பித்தார்கள். கருப்பட்டி வரும். சீலா மீன் வரும். அதெல்லாம் வீட்டில் செலவாகிவிடும். ஒரு தடவை எல்லாரும் சேர்ந்து ஒரு வேட்டி எடுத்துக் கொடுத்தார்கள், நல்ல கரை வைத்த எட்டுமுழம். ரோச்தான் என் கையில் தந்தான். "வைத்தியருக்கு எங்க மரியாதைன்னு சொல்லு," என்றான்.

அதைக் கொண்டுபோய் மதினி மடியில் வைத்தேன். அவள் மடிப்பைப் பிரித்தாள், கரையைத் தடவினாள், திரும்ப மடித்தாள். எனக்கு அங்கே நிற்க முடியவில்லை.

"மதினி, நான் உண்மையச் சொல்லிருதேன்."

"வேண்டாம்."

"வேட்டி எடுத்துக் குடுத்திருக்கானுவ. சேல எடுத்துக் குடுத்திருப்பானுவல்லா."

"சேல குடுக்க மாட்டானுவ மாப்ள. மாவத் திருப்பிக் குடுப்பானுவ." அப்புறம் கத்தரிக்கோலை எடுத்தாள். "நல்ல நெசவு. மாவு சலிக்க ஆகும்."

வேட்டியில் ஒரு துண்டை வெட்டிச் சல்லடையில் கட்டினாள். மிச்சத்தை மடித்துப் பெட்டியில் வைத்தாள்.

அதற்கடுத்த தசராவில்தான் அய்யாக்குட்டியின் விவகாரம் வந்தது. அய்யாக்குட்டி ஆறுமுகநேரிப் பக்கத்து ஆள், எங்கள் கும்பல்தான். குலசை முத்தாரம்மனுக்கு நேர்ந்துகொண்டு காளி வேசம் போட்டான். அரிதாரம் வாங்குவானேன் என்று, தோணிக்கு அடித்து மிஞ்சின நீலப் பெயிண்டை எடுத்து முகத்தில் பூசிக்கொண்டுவிட்டான். தசரா முடிந்து கழுவினால் பெயிண்டு போகவில்லை. மண்ணெண்ணெயை ஊற்றித் தேய்த்திருக்கிறான். முகம் பூசணிக்காயாக வீங்கி இரண்டு கண்ணும் மூடிக்கொண்டன. அந்தக் கோலத்திலேயே பெண்சாதியோடு குலசைத் தெருவெல்லாம் வைத்தியரைத் தேடி அலைந்திருக்கிறான். கிடைக்காமல் போகவே அவன் பெண்சாதி அவனைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்து நின்றாள்.

"அண்ணே, வைத்தியர்ட்ட கூட்டிட்டுப் போங்க. இல்லன்னா இவருக்குக் கண்ணு போயிரும்."

நான் என்ன செய்ய? வைத்தியர் இங்கே சொந்தக்காரர் வீட்டுக்கு வந்திருக்கிறார் என்று சொல்லி திரேஸ்புரத்துக்குக் கூட்டிப் போனேன். மதினி என்னைப் பார்த்த பார்வை எனக்குத்தான் தெரியும். ஆனால் அய்யாக்குட்டியின் முகத்தைப் பார்த்ததும் ஒன்றும் பேசாமல் எண்ணெயைச் சூடு காட்டப் போனாள். அவன் பெண்சாதியை வீட்டில் பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லி அனுப்பிவிட்டாள். வெதுவெதுப்பான தேங்காயெண்ணெயைப் பஞ்சில் நனைத்து ஒத்தி ஒத்தி எடுத்தாள். தேய்க்கவே இல்லை. நீலம் பஞ்சில் ஊறி ஊறி வந்தது.

"வைத்தியர் எங்க தாயி?" என்றான் அய்யாக்குட்டி, கண் தெரியாமல்.

"வெளிய போயிருக்காரு. நான் அவரு வீட்டு மனுசி."

"அவரு கை மாதிரியே இருக்கு ஒங்க கை."

"அவரு கை ஒன் மேல எப்ப பட்டுது?"

"படல. மாவு பட்டிருக்குல்லா."

தினமும் நான் வேலைக்குப் போகுமுன் அவனைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, வேலை முடிந்து வந்து கூட்டிப்போவேன். அவன் வாய் ஓயாது. "குலசையில தேடுனேன் தாயி. பொரிகடல விக்குதவரு, நேத்துத்தான் பாத்தேன், வெள்ளத் தாடின்னாரு. இன்னொருத்தரு, தாடி கெடையாது, கண்ணாடி போட்டிருப்பாரு, ஆறுமுகநேரிக்குக் குடி போயிட்டாருன்னாரு. ஒருத்தி, அவரு என் சின்ன மாமனாருதான்னு சத்தியம் பண்ணுதா." மதினி சிரித்துச் சிரித்துப் பஞ்சைக் கீழே போட்டாள். அவள் அப்படி வாயை மூடாமல் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். பார்க்க ஆளில்லை என்கிற தைரியம்.

"கண்ணு தெறக்கதுக்கு முன்ன இவன் பொஞ்சாதிட்ட இவன வீட்டோட வச்சுக்கிடச் சொல்லும்," என்று என்னிடம் மட்டும் சொன்னாள். சொன்னதற்கு மறுநாள், நான் அவனைக் கூட்டிப்போக வந்து நிற்கும்போது, கஞ்சித் தண்ணியை அவன் இமையில் ஒத்திக்கொண்டிருந்தாள். இமை பிரிந்தது. அய்யாக்குட்டி பார்த்தான். அவள் முகம் அவன் முகத்துக்கு நேரே இருந்தது. இரண்டு கையும் கஞ்சி. சேலையை இழுத்து மூடக்கூட முடியவில்லை.

அவன் அசையாமல் பார்த்தான். அப்புறம் பாயை விட்டு நகர்ந்து அப்படியே அவள் காலில் விழுந்தான்.

"ஆத்தா," என்றான். "தோணிப் பெயிண்டப் பூசி ஒன்னயக் கேலி பண்ணிட்டேன். அதான் நீயே வந்து கழுவுத."

மதினி காலை இழுத்துக்கொண்டாள்.

"எந்திரில. நான் வேதக்காரி, மாதா கோயிலுக்குப் போறவ. பேரு சலேத்து. புருசன் கொழும்புல இருக்கான்."

"எல்லாம் தெரியும் ஆத்தா. இந்த அம்ம முத்து போட்ட மூஞ்சி எனக்குத் தெரியாதா?"

"மாப்ள, இவனக் கூட்டிட்டுப் போம்."

அவனைக் கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பி வந்தேன். மதினி கஞ்சிக் கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"சீன்னு சொல்லியிருந்தான்னா பதில் வச்சிருந்தேன் மாப்ள," என்றாள்.

அய்யாக்குட்டி குழாயடியில் நின்று எல்லாரிடமும் சொல்லிவிட்டான். வைத்தியரும் கிடையாது, ஒருத்தரும் கிடையாது. முத்தாரம்மனே திரேஸ்புரத்தில் மாவு அரைக்கிறாள். ரோச் என் சட்டையைப் பிடித்தான். "அது ஒன் மதினி சலேத்துல்லால? இத்தன நாளு எங்களுக்கு வேட்டி எடுக்க வச்சியா?" எங்கள் கடற்கரை ஆட்கள் பாதிப் பேர் மாவு வாங்குவதை நிறுத்தினார்கள். மற்றவர்கள் முன்னைவிட அதிகமாக வாங்கினார்கள். மதினி வீட்டு வாசலில் யாரோ வேப்பிலை கட்டிவிட்டுப் போனார்கள். மஞ்சள் தண்ணியோடு பெண்கள் வந்து நின்றார்கள். கோயில் உபதேசியார் வந்து, "என்ன சலேத்து, ஒன் வீட்ல வேப்பில தொங்குதாமே?" என்று கேட்டுவிட்டுப் போனார். அவர் கோபமாகக்கூடக் கேட்கவில்லை. அதற்கப்புறம் மதினி பூசைக்குப் போகவில்லை. கதவைச் சாத்திக்கொண்டாள். கொஞ்ச நாளிலேயே இழுப்பு வந்து படுத்துவிட்டாள். வருசக்கணக்கில் மாவுத் தூசி குடித்த நெஞ்சு.

நான் போய்ப் பார்க்கும்போதெல்லாம் கேட்பாள், "எல்லாவனுக்கும் மூஞ்சி எப்படி இருக்கு?" நல்லா இருக்கு என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கந்தகக் கப்பல் திரும்ப வந்தது. வந்த அன்றைக்கே எல்லாவன் கன்னமும் ரணமாகிவிட்டது. எனக்கு முதலில் விளங்கவில்லை. அப்புறம்தான் பார்த்தேன். வேலைக்கு இறங்குமுன் அய்யாக்குட்டி பொட்டலத்தைப் பிரிக்கிறான், ஒரு சிட்டிகை எடுக்கிறான், கண்ணை மூடி நெற்றியில் பூசிக்கொள்கிறான், பொட்டலத்தைச் சட்டைப் பையில் பத்திரமாக வைக்கிறான். வாங்கி வைத்திருந்த எல்லாவனும் அப்படியே செய்கிறான். வேலை முடிந்ததும் பழையபடி குழாயில் தலையைக் கொடுத்து சோப்பைப் போட்டுத் தேய்க்கிறான். வாங்காத ரோச் கோஷ்டியும் சோப்புதான். நானும் பேருக்குப் பயந்து கோடவுனுக்குப் பின்னால்தான் போய்க்கொண்டிருந்தேன்.

இதை மதினியிடம் சொல்லியிருக்கக்கூடாது. வாய் நிற்கவில்லை, சொல்லிவிட்டேன். தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மூச்சு விசில் அடித்தது.

"நெத்தியிலயா?"

"ஆமா மதினி."

"மூஞ்சி கழுவக் குடுத்தத?"

நான் தலையை ஆட்டினேன். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் கண் கலங்கியதை நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான். கொழும்புத் தோணி ஆள் இல்லாமல் திரும்பினபோதுகூட அழவில்லை என்பார்கள்.

"நாளைக்கும் கந்தகக் கப்பல்தான?" என்றாள்.

"ஆமா."

"அந்தப் பெட்டியத் தெறயும். வேட்டி மிச்சம் இருக்கும், எடும்."

எடுத்தேன். கரை அப்படியே இருந்தது.

"நாளைக்கு வேல முடிஞ்சதும் கோடவுனுக்குப் பின்னால போகாதயும். பைப்படியில நில்லும். எல்லாவனும் இருக்கட்டும். மொதல்ல காஞ்ச துணியால தட்டும். அப்புறம் எண்ணெ. அப்புறம் கஞ்சித் தண்ணி. மெதுவாச் செய்யும், எல்லாவனும் பாக்கட்டும். சிரிச்சா சிரிக்கட்டும். ஒமக்குத்தான் பழக்கம் உண்டே."

அதைச் சொல்லும்போது லேசாகச் சிரித்தாள். பெண் பார்க்கப் போன அன்றைக்கு அப்புறம் அந்தப் பேச்சை அவள் எடுத்தது அப்போதுதான்.

"செய்யுதேன் மதினி. யாரு சொல்லிக் குடுத்தான்னு கேட்டா ஒங்க பேரச் சொல்லுவேன். இனிமே மறைக்க மாட்டேன்."

"சொன்னா எம் மூஞ்சியத்தான் நெனைப்பானுவ. ஒருத்தன் கும்புடுவான், ஒருத்தன் சிரிப்பான். ரெண்டு பேரும் தன் மூஞ்சியக் கழுவ மாட்டானுவ." மூச்சு வாங்க நிறுத்தினாள். "அந்தப் பய சொன்னது பொய்யின்னு சொல்லும். வைத்தியர் உண்டு, ஆம்பளதான், குலசைக்காரருதான்னு சொல்லும். மாவ நெத்தியில பூசுனா அவருக்குப் பிடிக்காதுன்னு சொல்லும்."

"இன்னும் எத்தன நாளைக்கு மதினி அந்த ஆளு?"

"நாளைக்கு ஒருநாள்தான், பாத்துப் படிச்சிட்டானுவன்னா அப்புறம் வைத்தியர் எதுக்கு? கழுவி முடிச்சு, அவரு வேட்டியால மூஞ்சியத் தொடச்சிட்டு, வைத்தியர் செத்துப் போனாருன்னு சொல்லிரும்."